பைபிளில் இல்லாத தாள்

உயிரோடு இருக்கும்போதே தனக்குக் கல்லறைக் கல் நட்டுக்கொண்ட ஆசாமியிடம் பேசும்போது கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வீட்டு வரவேற்பறை ஜன்னலிலிருந்தே, எதிரே பழைய கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கல் தெரிந்தது. பளபளவென்று கருங்கல். 'ரோலண்ட் ட்ரஸ்காட், 1951' என்று செதுக்கி, ஒரு கோடு போட்டு, மிச்சத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் அவருடைய முப்பாட்டனுக்கு முப்பாட்டன் கேலப் ட்ரஸ்காட்டின் சாய்ந்துபோன பழைய கல். 1777-ல், அமெரிக்கச் சுதந்திரப் போரில், ஆங்கிலேய ராஜாவின் படையை எதிர்த்துப் போனவர் என்று அதில் ஒரு பித்தளைத் தகடு. தகடு போன வருஷம் அடித்தது. உபயம், ரோலண்ட் ட்ரஸ்காட்.

ரோலண்ட் ஓய்வுபெற்ற பல் டாக்டர். எங்கள் வெஸ்ட் ஆர்டன் ஊரின் 'முதல் வீரர் வாரிசுகள் சங்க'த்துக்குப் பதினோரு வருஷமாகத் தலைவர். ஊர்க்காரர்களின் பல்லைப் பிடுங்கி அலுத்துப்போய், இப்போது அவர்களுடைய பாட்டன் பூட்டனைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"டெலியா, நீ நல்ல டிரைவர்" என்றார் அவர். "என் பேரனை ஒரு நாள் கூட லேட்டாக்காம ஸ்கூல்ல கொண்டு விடுற. அதையெல்லாம் நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பழைய கல்லறைத் தோட்டம்ங்கறது வேற சமாச்சாரம்மா. போருக்கு நடந்த காலோட வாரிசுக்குத்தான் அந்த மண்ணு. சங்கத்து விதி."

"எங்கம்மா அங்கதானே சார் இருக்காங்க" என்றாள் டெலியா ஹாஸ்கின்ஸ்.

ஐம்பத்தெட்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மடியில் ஒரு பெரிய தோல் அட்டை பைபிளைக் குழந்தையை வைத்திருப்பதுபோல் வைத்திருந்தாள்.

"உங்கம்மாவைப் புதைச்சது சங்கம் தோட்டத்தை எடுத்துக்கறதுக்கு முந்தி. அப்ப யாரும் கேக்கல. இப்ப நாங்க கேக்கறோம்."

டெலியாவின் அப்பா வெர்னன் ஜனவரியில் செத்துப்போனார். ஜனவரியில் எங்கள் பக்கம் மண் இரும்பு. கடப்பாரை போட்டால் கடப்பாரைதான் வளையும். குளிர்காலத்தில் போகிறவர்களைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் கல் அறையில் பெட்டியோடு வைத்துப் பூட்டி, ஏப்ரலில் மண் இளகியதும் புதைப்பது வழக்கம். வெர்னன் மூன்று மாதமாக அங்கே காத்துக்கொண்டிருந்தார். மனைவியின் பக்கத்தில் அவருக்கென்று ஒரு இடம் நாற்பது வருஷமாகக் காலியாகக் கிடந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் அறையைக் காலி செய்யவேண்டும். வாரிசு என்று நிரூபிக்காவிட்டால் நெடுஞ்சாலை ஓரத்துப் புதுக் கல்லறையில், பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால், முன்பின் தெரியாதவர்கள் நடுவே வெர்னனுக்கு இடம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"அப்பா சாகறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்" என்று டெலியா ஆரம்பித்தாள். ட்ரஸ்காட் கையை உயர்த்தி நிறுத்தினார். வாயைத் திறந்து வைத்திருக்கும் நோயாளியிடம் காட்டுவாரே, அந்தக் கை.

"உணர்ச்சி வேண்டாம். காகிதம் காட்டு. உன் முன்னோர் ஜோனஸ் ஹாஸ்கின்ஸ் போருக்குப் போனார்ங்கற. படைப் பட்டியல்ல அப்படி ஒரு பேரே இல்ல. அவர் பெண்டாட்டி 1838-ல விதவை பென்ஷன் கேட்டிருக்கா. அரசாங்கமே தள்ளுபடி பண்ணிடுச்சு. தள்ளுபடி ஆனவங்க பட்டியலை அப்பவே அச்சடிச்சிருக்காங்க. அதுல பேர் இருக்கு, என் அலமாரியிலயே இருக்கு. இருநூறு வருஷத்துக்கு முந்தியே கிடைச்ச பதில்தான்மா இது. சரி, வம்சமாவது காட்டுன்னா இந்த பைபிளைக் கொண்டு வந்திருக்க. இதுல குடும்பப் பிறப்பு எழுதற தாளைக் காணோம். ரொம்ப வசதியாப் போச்சு, இல்ல?"

அதுவரை பேசாமல் இருமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்த என் முதலாளியம்மா ஆகஸ்டா பீல் எழுந்து வந்து பைபிளை வாங்கினார். முப்பது வருஷம் உயில் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். இப்போது வாரிசு தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். அவருக்குக் கார் ஓட்டுவதும் வாயைக் கொடுத்து வம்பு வாங்குவதும் என் தொழில். என் பெயர் ஸ்டாஷ் நோவிக்கி.

மேடம் பைபிளின் நடுவே, தாள் போன இடத்து விளிம்பில், விரல் நகத்தை விட்டுத் தடவினார். பையிலிருந்து ஒரு மெல்லிய தாளை எடுத்து அங்கே வைத்துப் பென்சிலால் தேய்த்தார். மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"தம்பி, உங்க முன்னோர் யாரு?" என்று ட்ரஸ்காட் என்னைக் கேட்டார். எல்லோரையும் கேட்பார். நாயைக்கூட விடமாட்டார் என்று கேள்வி.

"1911-ல போலந்துல இருந்து வந்தவர் சார். இந்தப் பள்ளத்தாக்குல வெங்காயம் பிடுங்கினார். சுதந்திரத்துக்காக இல்ல. ராத்திரி சாப்பாட்டுக்காக."

"ஓ" என்றார். அந்த ஓவில் என் வம்சமே குப்பைக் கூடைக்குப் போனது.

வெளியே வந்ததும் டெலியா பேருந்து எடுக்கவேண்டும் என்று ஓடினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் ஓடினாள். நான் காரைக் கிளப்பினேன்.

"மேடம், அந்தாளு வீட்ல ஒரு வாய் காபி குடுத்தானா பார்த்தீங்களா? ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்டவங்க பேரப்புள்ளையாம். ராஜாவே தேவலை, ஒரு டீயாவது குடுத்திருப்பாரு."

"ஸ்டாஷ், உன் வீட்டு புஸ்தகத்துல ஒரு பக்கம் உனக்கு அவமானம்னு வெச்சுக்க. என்ன பண்ணுவ?"

"கிழிச்சு அடுப்புல போடுவேன்."

"எப்படிக் கிழிப்ப?"

"எப்படின்னா? கையைக் குடுத்து, சர்ருனு."

"ம். இந்தத் தாளை யாரும் கிழிக்கல. பக்கத்துல அளவுகோல் வெச்சு, பேனாக்கத்தியால மேல இருந்து கீழ வரைக்கும் நிதானமா அறுத்திருக்காங்க. அடியில மட்டும் தையல் நூல்ல கத்தி சிக்கி ஒரு சின்ன கொக்கி விழுந்திருக்கு. அழிக்க நினைக்கிறவங்க இவ்வளவு பதனமா எடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப அந்தத் தாள் முழுசா எங்கயோ போய்ச் சேரணும்னு யாரோ ஆசைப்பட்டிருக்காங்க. ஒரு விதவைக்கு, 1838-ல, தனக்குக் கல்யாணம் ஆச்சு, புள்ளைங்க பொறந்துச்சுன்னு யார்கிட்ட நிரூபிக்க வேண்டி வந்திருக்கும்?"

நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"பென்ஷன் ஆபீஸ்! சாமி, அந்தக் கிழவி பைபிள் தாளை அறுத்துத் தபால்ல போட்டிருக்கா!"

"அவ மட்டும் இல்ல, நிறைய பேர் போட்டாங்க. ஆபீஸ் திருப்பி அனுப்பினதில்ல, கோப்புல வெச்சுத் தெச்சுட்டாங்க. காரை எடு, பின்னால ஆள் திட்டறான்."

"ஆனா மனு தள்ளுபடி ஆயிடுச்சே?"

"தள்ளுபடி ஆனா மனுவைத் தூக்கிப் போட்டுடுவாங்கன்னு உனக்கு யார் சொன்னா? அரசாங்கம் எதையும் தூக்கிப் போடாது, ஸ்டாஷ். முப்பது வருஷம் அதுக்குள்ள உக்காந்திருந்தவ சொல்றேன்."

சனிக்கிழமை காலை மாவட்ட நூலகத்தில் இருந்தோம். ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மைக்ரோஃபிலிம் பெட்டிகளை எடுத்துக் கொடுத்த நூலகப் பெண் மேடத்தை ஒரு மாதிரி பார்த்தாள்.

"தள்ளுபடி ஆன மனுக்களா கேக்கறீங்க? எல்லாரும் பாஸான மனுவைத்தான் கேப்பாங்க. நான் இங்க வந்து இருபது வருஷமாச்சு, இந்த வரிசையை யாரும் தொட்டதில்ல."

அதுதான் இந்த வாரிசுக் கூட்டத்தின் லட்சணம். முன்னோர்களைத் தேடி வருவதாகச் சொல்வார்கள். சான்றிதழைத்தான் தேடுவார்கள். அரசாங்கம் வேண்டாம் என்று சொன்ன மனுஷனைத் திறந்து பார்க்க எவனுக்கும் பொறுமை கிடையாது.

மேடம் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே போனார். நான் கொட்டாவி விட்டேன். பதினொன்றரைக்கு அவர் கை நின்றது.

திரையில் ஒரு பைபிள் தாள். பழுப்பு மை, கோணல் எழுத்து. 'ஜோனஸ் ஹாஸ்கின்ஸ், ஹெப்சிபா, கல்யாணம் 1781.' கீழே ஏழு பிள்ளைகள். மூன்று பெயருக்கு எதிரே 'இறந்தது' என்று எழுதியிருந்தது. நாலாவது பெயர் சைலஸ். டெலியாவின் வம்சத்தில் அறுந்துபோயிருந்த கண்ணி அந்த சைலஸ்தான். அவனுக்குப் பின்னால் வெர்னன் வரைக்கும் ஊர்ப் பதிவேட்டில் வரிசையாக இருக்கிறது. அவன் பிறந்த வருஷங்களின் பதிவேடு மட்டும் தீயில் போய்விட்டது.

மேடம் தாளை அச்செடுத்து, அளவைக் கூட்டிக் குறைத்து, வெள்ளிக்கிழமை பென்சிலால் தேய்த்த தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் இருந்த கொக்கி அச்சாகப் பொருந்தியது.

"அவ்வளவுதான்! வம்சம் கிடைச்சாச்சு" என்று நான் கத்தினேன். நூலகப் பெண் முறைத்தாள்.

"பாதி கிடைச்சிருக்கு. ஜோனஸ் போருக்குப் போனான்னு காட்டணும். அது இல்லாம ட்ரஸ்காட் வாசல் கதவைக்கூடத் திறக்கமாட்டார்."

அடுத்த தாள் ஆபீஸின் பதில். இரண்டே வரி. படைப் பட்டியலில் மேற்படி ஜோனஸ் ஹாஸ்கின்ஸ் பெயர் இல்லை. ஒரே ஒரு முதியவரின் சத்தியத்தை மட்டும் வைத்து மனுவை ஏற்க இயலாது.

என் உற்சாகம் இறங்கிவிட்டது. "ட்ரஸ்காட் சொன்னதுதானே மேடம் இது."

"முதியவர் யாருன்னு பார்ப்போம்" என்று அவர் மீண்டும் சுற்றினார்.

அந்த மூன்றாவது தாளை அவர் இரண்டு தடவை படித்தார். அப்புறம் சிரித்தார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வாயிலிருந்த மிட்டாய் தெறித்துத் திரையில் பட்டது.

"என்ன மேடம்? காட்டுங்க!"

"திங்கட்கிழமை எல்லாரோடயும் சேர்ந்து கேட்டுக்க. முன்னாடியே சொன்னா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

திங்கட்கிழமை தேசபக்தர் தினம். எங்கள் ஊரில் அன்றைக்கு நடக்கிற கூத்தைக் கேளுங்கள். காலையில் தீயணைப்பு நிலையத்தில் தட்டையப்பமும் மேப்பிள் பாகும். பிறகு ஊர்ப் பொதுத்திடலில் புல்லாங்குழல், முரசு, வெடிக்காத துப்பாக்கிகள். தொந்தி பிதுங்க வெள்ளைக் காலுறையும் மூன்று மூலைத் தொப்பியுமாக வருகிற கிழட்டு வீரர்களின் அணிவகுப்பு. கடைசியில் ஆஜர் எடுப்பது. ஊர் எழுத்தர் வினிஃப்ரெட் கால்ட் 1777-ம் வருஷப் படைப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அந்தப் பெயருக்குரிய வாரிசு எழுந்து நின்று 'ஆஜர்' என்று சொல்லவேண்டும். சொல்ல ஆளில்லாத பெயருக்கு முரசை ஒரு தட்டு தட்டுவார்கள். மொத்தம் நாற்பத்தொரு பெயர். ட்ரஸ்காட் தன் முறைக்கு மட்டும் மைக்கில் சொல்லுவார்.

டெலியா கூட்டத்தின் ஓரத்தில், பேருந்து ஓட்டும் அதே நீலச் சட்டையில் நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நாளைக்கு அப்பாவை எடுத்துட்டுப் போயிடுவாங்கப்பா" என்று என்னிடம் முணுமுணுத்தாள். "பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால. அம்மா தனியாக் கிடப்பாங்க."

"இருங்கக்கா. மேடம் சும்மா சிரிக்கற ஆள் இல்ல."

மேடம் மேடைக்குப் போய் ட்ரஸ்காட்டிடம் சிவப்பு நாடா கட்டிய இரண்டு தாளை நீட்டினார். நான் பின்னாலேயே போனேன்.

"வெள்ளிக்கிழமை உங்க நேரத்தை வீணாக்கிட்டோம்" என்றார் மேடம். குரலில் அத்தனை பணிவு. "அதுக்குப் பதிலா இது. உங்க கேலப் ட்ரஸ்காட் தன் வாயால குடுத்த சத்திய வாக்குமூலம். 1838. இதுவரைக்கும் யாரும் வெளியிட்டதில்ல. நீங்க கண்ணாடி தேடவேண்டாம்னு பெரிய எழுத்துல அடிச்சுக் கொண்டு வந்திருக்கேன்."

ட்ரஸ்காட்டின் கண் விரிந்தது. முதல் தாளை அவசரமாக ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது தாளைத் திருப்ப நேரமில்லை, புல்லாங்குழல் நின்றுவிட்டது. மைக் தயாராக இருந்தது. அந்த மனிதர் எந்த மைக்கையும் ஆறவிட்டதில்லை.

"ஊர் மக்களே!" என்றார். "ஆஜர் எடுக்கறதுக்கு முன்னால ஒரு பொக்கிஷம். என் முன்னோரோட சொந்த வார்த்தை!"

தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். படிக்க ஆரம்பித்தார்.

"'வெஸ்ட் ஆர்டன் விவசாயி கேலப் ட்ரஸ்காட் ஆகிய நான், வயது எண்பத்திரண்டு, ஆண்டவர் முன்னிலையில் சத்தியம் செய்து சொல்வதாவது. ஆயிரத்து எழுநூற்று எழுபத்தேழாம் வருஷம் ஜூலை மாதத்து வெயிலில் இவ்வூரிலிருந்து படைக்கு ஆள் எடுத்தபோது என் பெயர் எடுக்கப்பட்டது. கேப்டன் அதைத் தம் பட்டியலில் எழுதினார். தேசம் என்னை அழைத்தது.'"

கைதட்டல். ட்ரஸ்காட் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். தாளைத் திருப்பினார்.

"'ஆனால் எங்கள் வயலில் புல் அறுபடாமல் கிடந்தது. எனக்குப் பயமும்...'" குரல் தடுமாறியது. "'எனக்குப் பயமும் இருந்தது. என் தகப்பனார் ஒரு கிடாரியைக் கொடுத்து, எங்கள் பண்ணையாள் ஜோனஸ் ஹாஸ்கின்ஸை...'"

நிறுத்தினார். திடலில் ஒரு குழந்தை அப்பம் கேட்டு அழுதது.

"படிங்க டாக்டர்" என்றார் மேடம் கீழேயிருந்து. "தேசம் அழைச்சுது. அப்புறம்?"

"இது... இது சரியா அச்சாகல."

"குடுங்க, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்." வினிஃப்ரெட் கால்ட் அவர் கையிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டார். ட்ரஸ்காட் அவருக்கு மூன்று தடவை தப்பான பல்லைப் பிடுங்கியவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வினிஃப்ரெட் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"'...ஜோனஸ் ஹாஸ்கின்ஸை எனக்குப் பதிலாக அனுப்பினார். கேப்டன் பட்டியலில் என் பெயரை அடிக்கவில்லை. மூன்று வருஷம் என் பெயருக்கு ஆஜர் சொன்னவன் அவன். என் பெயரில் நடந்தான், என் பெயரில் பட்டினி கிடந்தான், இரண்டு கால்விரலைப் பனிக்குக் கொடுத்துத் திரும்பினான். நான் இவ்வூர் எல்லையைத் தாண்டியவன் அல்ல. இத்தனை வருஷமும் ஊரார் என்னை வீரன் என்றபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் மனைவி ஹெப்சிபா இப்போது வறுமையில் இருக்கிறாள். ஆகையால் என் வெட்கத்தை விட்டு இதைச் சொல்கிறேன்.'"

தாளை மடித்தார். ட்ரஸ்காட்டின் முகம் அவர் காலுறை நிறத்துக்கு வந்திருந்தது.

"கிழவர் சொல்லிட்டுப் போயிட்டார்" என்றார் மேடம். "ஆபீஸ்தான் நம்பல. எண்பத்திரண்டு வயசுல தன் மானத்தை எடுத்து ஒரு விதவைக்குக் குடுத்த மனுஷனுக்கு நீங்க தகடு அடிச்சிருக்கலாம் டாக்டர். தப்பான காரணத்துக்கு அடிச்சுட்டீங்க."

"இதெல்லாம் சங்கத்துல ஆராயணும்! ஒரு கமிட்டி போட்டு..."

"ஆராய்ங்க. நடந்த காலோட வாரிசுக்குத்தான் மண்ணுன்னு விதி எழுதினது நீங்கதான். வரிசை டெலியாவோட அப்பா வெர்னன் வரைக்கும் அறுபடாம இருக்கு, பைபிள் தாளோட. உங்க ஆளு புல் அறுத்ததுக்கு அத்தாட்சியும் அதே கோப்புல இருக்கு."

"சார், அந்தக் கருங்கல்லு?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "திரும்ப எடுத்துக்குவாங்களா, இல்ல பேரை மட்டும் மாத்திக்கலாமா?"

மேடம் என் காலை மிதித்தார். ஆனால் பலமாக மிதிக்கவில்லை. நான் கூட்டத்தின் ஓரத்துக்குப் போய் டெலியா பக்கத்தில் நின்றுகொண்டேன்.

வினிஃப்ரெட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பட்டியலைத் திறந்தார். அவருக்கு வேலை வேலைதான். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக எழுந்து ஆஜர் சொன்னார்கள். சில பெயருக்கு முரசு மட்டும் ஒலித்தது. முப்பத்தெட்டாவது பெயரில் அவர் ஒரு விநாடி நின்றார்.

"கேலப் ட்ரஸ்காட்."

எல்லோரும் ரோலண்டைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாயையே திறக்க வைத்த மனிதர். சத்தம் வரவில்லை. முரசுக்காரன் குச்சியை ஓங்கினான்.

வினிஃப்ரெட் அவனைக் கையமர்த்தி இரண்டாவது தடவை கூப்பிட்டார். இப்போது அவர் பார்வை கூட்டத்தின் ஓரத்துக்குப் போனது.

"கேலப் ட்ரஸ்காட் பேர்ல நடந்தவர்."

என் கையை இறுக்கிப் பிடித்திருந்த டெலியா அதை விட்டாள். நீலச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"ஆஜர்" என்றாள்.

சங்கத்துக்காரர்கள் யாரும் கைதட்டவில்லை. தட்டினால் தங்கள் பைபிளையும் யாராவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள் என்ற பயமாக இருக்கும். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் ஆர்வின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் பாதி தின்ற அப்பம். தலைவரிடம் அனுமதி கேட்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக டெலியாவிடம் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மண்ணு நல்லா இளகிடுச்சும்மா" என்றார். "அம்மாவுக்கு எந்தப் பக்கம் படுக்கணும்னு அப்பா சொல்லியிருக்காரா?"